லயத்து வாசலுக்கு ஒரு மழைமானி

அட்டன் நகரக் கடையொன்றில் வாங்கிய இந்தப் பிளாஸ்டிக் மழைமானி, மலைச்சரிவில் உள்ள ஒவ்வொரு லயத்திலும், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலும், இருக்கவேண்டிய கருவி. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்காக வகுத்துள்ள எல்லைகளை, அறிவித்தல் வந்து சேருமுன்னரே நாமும் வாசலில் நின்று கவனிக்க முடிகிறது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்ட லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் புதைந்ததை அறிந்த எவருக்கும் இதன் அருமை புரியும். இலக்கங்கள் மெல்லிய மையில் அச்சிடப்பட்டிருப்பதால் இரவில் டோர்ச் வெளிச்சத்திலும் தெரிவதில்லை. ஆகவே 150இல் சிவப்பு நகப்பூச்சால் கோடிட்டுள்ளேன். கூரைத் தகரத்து நீர் விழாத திறந்த வெளியில் இதை நாட்டவேண்டும். நிலத்தில் புதிய வெடிப்போ, ஊற்றில் திடீர்க் கலங்கலோ கண்டால், அளவு எதுவாயினும் பிள்ளைகளோடு உடனே வெளியேறிவிட வேண்டும்.