வாட்ஸ்அப் கேட்டலாக்கா, கூகுள் பக்கமா, சொந்த வெப்சைட்டா: ஒரு கிரைண்டர் கடையோட கணக்கு

கோயம்புத்தூர்ல எங்க சித்தப்பா கிரைண்டர் வித்து சர்வீஸும் பண்ற கடை வெச்சிருக்காருங்க. கடைக்கு வெப்சைட்னு ஒண்ணு இருந்துச்சு, கடை போட்டோ, "எங்களைப் பற்றி"னு நாலு வரி, ஒரு போன் நம்பர், அவ்ளோதான். அதைப் பார்க்கறவங்களும் கடைசியில போன்தான் பண்ணணும். போன்ல வர்றதும் திரும்பத் திரும்ப நாலே கேள்விதான்: கடை திறந்திருக்கா, என் மாடலுக்கு பெல்ட் இருக்கா, என்ன விலை, குடுத்துட்டுப் போன கிரைண்டர் ரெடியா. கூகுள், வாட்ஸ்அப், சொந்த வெப்சைட் மூணுல எது நல்லதுன்னு பார்க்க உட்கார்ந்தப்போ இந்த நாலு கேள்வியையே அளவுகோலா வெச்சுக்கிட்டேன்.

முதல் கேள்விக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை, அதாவது கூகுள்ல கடைப் பேரைத் தேடுனா வர்ற பக்கத்தை, அடிச்சுக்க ஆளே இல்ல. காசு கிடையாது, மேப்ல வழி காட்டிடுது, பொங்கல் தீபாவளிக்கு லீவு நேரத்தைத் தனியா போட்டுக்கலாம். ஆனா வெளியாள் யார் வேணும்னாலும் திருத்தம் சொல்லலாம்ங்கறதால நேரமும் நம்பரும் சரியா இருக்கான்னு வாரம் ஒரு தடவை பார்த்துடுங்க. இன்னொண்ணு, அதுல இலவசமா குடுத்துட்டு இருந்த பிசினஸ் டாட் சைட்ங்கற குட்டி வெப்சைட்டுகளை 2024 மார்ச்ல மூடிட்டாங்க, அதே வருஷம் ஜூலை கடைசியில அதுல இருந்த சாட் வசதியும் போயிடுச்சு. அந்த வெப்சைட் அட்ரஸை பில்லுலயும் கட்டைப்பையிலயும் அச்சடிச்சு வெச்சிருந்த சின்னக் கடைக்காரங்களை நெனச்சா மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ரெண்டாவது கேள்விக்கு வாட்ஸ்அப் பிசினஸ்தான். கேட்டலாக்ல, அதாவது போட்டோவோட பொருள் லிஸ்ட்ல, 500 அயிட்டம் வரைக்கும் போடலாம், ஒரே நம்பரை போன் போக இன்னும் நாலு டிவைஸ்ல ஓட்டலாம். ஆனா அதோட உண்மையான பலம் போட்டோ. ஒரு அம்மா டேபிள் டாப் கிரைண்டரைக் கவுத்துப் போட்டு அடியில இருந்த ஸ்டிக்கரை எடுத்து அனுப்புனாங்க, மாவு வழிஞ்சு காஞ்சு மாடல் நம்பர் பாதி மறைஞ்சிருந்துச்சு. "கொஞ்சம் சுரண்டிட்டு இன்னொண்ணு அனுப்புங்க அம்மிணி"னு சித்தப்பா வாய்ஸ் போட்டாரு, அடுத்த போட்டோவுலயே எந்த பெல்ட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க பழைய வெப்சைட்டால இதைச் செய்ய முடியாதுங்க.

மூணாவது கேள்வியான விலையிலதான் வாட்ஸ்அப் எங்களுக்குக் காலை வாரிடுச்சு. கவுன்டர்ல இருந்த தம்பி சாட்டை மேல தள்ளித் தள்ளிப் பார்த்து, யாருக்கோ எப்பவோ சொன்ன பழைய விலையையே சொல்லிட்டான், அவரு அதை நம்பி பொள்ளாச்சியில இருந்து பஸ் ஏறி வந்துட்டாரு. தப்பு எங்க மேலங்கறதால பழைய விலைக்கே குடுத்து அனுப்புனோம். தம்பியைத் திட்டி என்ன பண்றது, சரியான விலைன்னு பார்க்க அவனுக்கு ஒரு இடமே இல்லையே.

அந்த ஒரு இடமாத்தான் இப்ப சொந்த வெப்சைட்டை மாத்தியிருக்கோம். கார்ட், ஆன்லைன் பேமென்ட் எல்லாம் வெச்ச ரெடிமேட் ஸ்டோரையும் பார்த்தேன், மாச வாடகை கட்டணும், கல்லு கிரைண்டரை கூரியர்ல போடற வேலை எங்களுக்கு இல்ல, அதனால வேண்டாம்னுட்டேன். எங்களுதுல மாடல் வாரியா பெல்ட், குழவி, வைப்பர், கெப்பாசிட்டர்னு போட்டோவோட லிஸ்ட், பக்கத்துல விலை. விலையைப் படமா போடாம எழுத்தா போட்டாதான் தேடலாம், மாத்தவும் ஈஸி. எல்லாமே ஒரு கூகுள் ஷீட்ல இருந்து வருது, கஸ்டமரும் கவுன்டர் தம்பியும் பார்க்கறது அதே விலை.

நாலாவது கேள்விக்கு ரசீது நம்பர். அந்த நம்பரை அடிச்சா நிலவரம் மட்டும் வரும், பேரு, போன் நம்பர், அட்ரஸ் எதுவும் வராது, அடுத்தவங்க ரசீது நம்பரை அடிச்சுப் பார்த்தாலும் அது யாரோட கிரைண்டர்னு தெரியக் கூடாதுல்ல. கீழ வாட்ஸ்அப் பட்டன், தட்டுனா ரசீது நம்பரோடயே மெசேஜ் திறக்கும்.

செலவுன்னு பார்த்தா டொமைனுக்கும் (வெப்சைட்டோட பேரு) ஹோஸ்டிங்குக்கும் (அது இருக்கற இடம்) வருஷா வருஷம் கட்டணும். அந்த டொமைன் கடைக்காரர் பேர்லயும் அவரோட மெயில்லயும்தான் இருக்கணும், வெப்சைட் பண்ணிக் குடுத்தவரு பேர்ல இருந்தா பின்னாடி அவரைத் தேடி அலையணும், நாங்க அலைஞ்சோம்.

ஒரே ஆள் நடத்தற இட்லி மாவுக் கடைன்னா கூகுளும் வாட்ஸ்அப்புமே தாராளமா போதும். பொருளை வாங்கி வெச்சு, வேலை முடிச்சு, நாலு நாள் கழிச்சுத் திருப்பிக் குடுக்கற கடை எதுவா இருந்தாலும், டெய்லர், செல்போன் சர்வீஸ், வாட்ச் ரிப்பேர், சொந்த வெப்சைட்டுக்குக் காசு போடுங்க, அதையும் வேலை பார்க்கறவங்களைக் கேட்டுட்டு செய்யுங்க. எங்க மெக்கானிக் அண்ணன் "எனக்கு டைப்பெல்லாம் வராதுங்க தம்பி"ன்னு முதல் நாளே சொல்லிட்டாரு, அதனால ஷீட்ல "வந்தது, பிரிச்சாச்சு, ஸ்பேர் வரணும், ரெடி"ன்னு நாலே வார்த்தை, தட்டித் தேர்ந்தெடுக்கற டிராப் டவுனா வெச்சோம், இப்ப கிரீஸ் கையை பனியன்ல துடைச்சுக்கிட்டு அவரே தட்டிடறாரு.