கோட்டாறில் ஒத்திக்கு வீடு பார்க்கிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில் கோட்டாறு பக்கம் பெரிய வீடாக ஒத்திக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் குடியிருக்க, தேடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கொடுத்த 6 லட்சத்தில் 2 லட்சம் இன்னும் கைக்கு வரவில்லை.

மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு போன வருடம் ஊரோடு வந்துவிட்டோம். மாமியாரையும் பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேர். சவேரியார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. புரோக்கர் ஒருவர், கம்போளம் சந்தைக்குப் பின்னால் ஒரு தெருவில் பழைய வியாபாரக் குடும்பத்து வீட்டின் மாடியைக் காட்டினார். நீளமான கூடம், தேக்கு உத்தரம், தெருவைப் பார்த்த மரச்சட்ட ஜன்னல்கள். கோட்டாறு சோழர் கல்வெட்டுகளிலேயே பெயர் வருகிற பழைய ஊர். அந்தப் பழமை மாறாத வீடு ஒன்று வாழக் கிடைக்கிறதே என்று மனசு நிறைந்துவிட்டது. அங்கேதான் தவறினோம்.

ஐந்து அறைகளில் ஒன்று பூட்டியிருந்தது. "அப்பாவோட பழைய சாமான் கெடக்கு. ஒரு மாசத்துல காலி பண்ணித் தாறேன்" என்றார் வீட்டுக்காரர். கரண்ட் அட்டையிலும் அப்பா பேர்தான். "மாத்தணும், நேரமில்ல" என்றார். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. அதோடு நிம்மதியாகிவிட்டோம். பத்திரம் பதியலாமா என்று என் கணவர் கேட்டதற்கு, "முத்திரைத் தீர்வை வீணாப் போகும். அண்ணாச்சியைத் தெரியாதவங்க இங்க உண்டா?" என்றார் புரோக்கர். 20 ரூபாய்த் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

ஏப்ரலில் குடிபோனோம். ஜூன் மழை பிடித்ததும் பூட்டிய அறையின் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கூடத்துக்கு வந்தது. போன் செய்தால், "வாறேன், வாறேன்" என்பார். ஆள் வரவே இல்லை.

ஜூலையில் ஒரு நாள் காலையில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு அக்கா வந்து நின்றார். வீட்டுக்காரரின் மூத்த சகோதரி. "இது எங்கப்பா பேர்ல உள்ள வீடு. நாங்க நாலு பேரு, இன்னும் பாகம் பிரிக்கல. ஆளு வச்ச விஷயமே எனக்கு நேத்துதான் தெரியும்" என்றார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அந்த அறையைத் திறந்தார். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, கயிறு கட்டிய இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒழுகிய இடத்தில் எப்போதோ வைத்து, இப்போது நிரம்பி வழிகிற அலுமினியக் குத்துப்போணி. நாற்காலியின் பிரம்பெல்லாம் பூஞ்சை. அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "உங்க மேல குத்தமில்ல பிள்ளே, ஆனா நாங்க மூணு பேரும் ஒத்துக்க மாட்டோம்" என்றார். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை.

பிறகு ஸ்டேஷனுக்குப் போனோம். சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் மூன்று தவணையாக 4 லட்சம் வந்தது. புரோக்கர் கமிஷனைப் பற்றிப் பேச்சே இல்லை.

வக்கீல் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. வில்லங்கச் சான்றிதழில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். உரிமையாளர் இறந்துவிட்டாரா, வாரிசு எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் வராது. அதற்கு வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள அத்தனை பேரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற வேண்டும். கட்டிக் கொடுத்துவிட்ட பெண் மக்களையும் விடக்கூடாது. ஒத்தி என்பது சட்டப்படி அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஒத்தி இல்லாமல் மாத வாடகை என்றாலும், 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும். பதிவு வேண்டாம் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் இப்போது வடசேரியில் சின்ன வீட்டில் இருக்கிறோம். அந்த மாடி மறுபடியும் வாட்ஸ்அப்பில் "உடனடியாக ஒத்திக்கு" என்று சுற்றுகிறது. போட்டோவில் நான்கு அறைகள்தான் இருக்கின்றன. கோட்டாறில் அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனால், ஐந்தாவது அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.