அமேசான் நேர்முகத் தேர்வுக்கு ஸ்டார் முறை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அமேசானில் புராடக்ட் மேனேஜர் வேலைக்குத் தயாராகிறவர்கள் முதலில் கேள்விப்படுவது ஸ்டார் முறையைத்தான். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் பழைய வேலை அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது. வேலை தேடாத காலத்திலும் இதைப் பல வருடங்களாகக் கடைப்பிடித்து வருகிறேன்.

பெரிய பலன், எண்கள் தொலைந்துபோவதில்லை. ஒரு திட்டம் முடிந்த வாரமே எக்செல் தாளில் எழுதிவிடுகிறேன். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் "புகார்கள் குறைந்தன" என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எத்தனையிலிருந்து எத்தனை ஆனது என்பது மறந்திருக்கும். கேட்பவருக்கு வேண்டியதோ அந்த எண்.

தேர்வில் உங்களை எடைபோட அமேசான் பயன்படுத்தும் அளவுகோல், அதன் தலைமைக் கொள்கைகள். அவை 2021-இல் 14-லிருந்து 16 ஆயின. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை தேடி அலைய வேண்டாம். வாடிக்கையாளருக்காக வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி மேலதிகாரியோடு வாதாடிய ஒரு சம்பவம் மூன்று கொள்கைகளுக்குப் போதும்.

ஆனால் இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. "ஏன்" என்பதற்கு அதில் இடமே இல்லை. தேர்வறையில் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது: ஏன் அந்த வழி, எதைக் கைவிட்டீர்கள், யார் எதிர்த்தார்கள்? பார் ரெய்சர் என்ற தேர்வாளர் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவுக்கு வெளியிலிருந்து வருபவர். தோண்டித் தோண்டிக் கேட்பார். மனப்பாடக் கதை மூன்றாவது கேள்வியில் சரிந்துவிடும். ஆகவே என் தாளில் ஐந்தாவதாக ஒரு பத்தி உண்டு: கைவிட்ட வழிகளும் அதற்கான காரணங்களும். மற்ற நான்கையும்விட அதை நிரப்பவே அதிக நேரம் செலவிடுகிறேன். குழு செய்ததையும் நான் செய்ததையும் தனித்தனியாக எழுதுகிறேன். எல்லாவற்றையும் குழுவின் பெயரில் சொல்வது நம் அலுவலகங்களில் பண்பு. அங்கே அதை வைத்து உங்களை எடைபோட முடியாது.

எழுத்துத் திறனுக்கு ஸ்டார் உதவாது. 2004-இல் உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு எழுதிய குறிப்புகளுக்கு மாறிய நிறுவனம் அமேசான். ஒரு பொருளை உருவாக்கும் முன்பே அதற்கான செய்திக்குறிப்பை எழுதிப் பார்ப்பது அங்கே வழக்கம். ஒரு பக்கத்தில் அப்படி எழுதித் தனியாகப் பழக வேண்டும்.

பணம் கொடுத்து மாதிரி நேர்முகத் தேர்வு எடுப்பதாக இருந்தால், தாள் நிரம்பிய பிறகு எடுங்கள். அதற்கு முன் உங்கள் துறையே தெரியாத ஒருவரிடம் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் "ஏன்" எல்லாவற்றையும் ஐந்தாவது பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள்.