இங்கிலாந்தில் வாடகை வீடு: ஏஜென்ட் மூலமா, வீட்டுக்காரரிடம் நேரடியாகவா?

"ஏஜென்ட் வேண்டாம், நேராக ஓனரிடமே பேசிக்கொள்ளலாம், கமிஷன் மிச்சம்" என்று இங்கிலாந்தில் வீடு தேடும் நம்மவர்கள் பலர் சொல்வதுண்டு. புரோக்கருக்குக் காசு கொடுத்துப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இங்கே மிச்சமாவதற்கு கமிஷனே கிடையாது. 2019 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. வீட்டைச் சுற்றிக் காட்ட, உங்கள் பின்னணியை விசாரிக்க, ஒப்பந்தம் எழுத என்று எதற்கும் ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. அதே தடை வீட்டுக்காரருக்கும் உண்டு. வீட்டைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகை, டெபாசிட்டாக ஐந்து வார வாடகை: இரண்டு வழியிலும் உச்சவரம்பு இதுதான். (ஆண்டு வாடகை 50,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் டெபாசிட் ஆறு வாரம் வரை போகலாம்.)

அதனால் பணத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடுவது வீண் வேலை. பிரச்சினை வந்தால் பதில் சொல்லப்போவது யார், அவரைத் தட்டிக் கேட்க உங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஏஜென்ட் வழியாக வந்த வீடு என்றால் கடைசிவரை ஏஜென்டிடமே பேசப்போகிறோம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாதி வீடுகளுக்குக்கூட அது பொருந்துமா என்பது சந்தேகமே. சில ஏஜென்ட்கள் ஆள் பிடித்துக் கொடுத்து, சாவியைக் கையில் தந்ததோடு விலகிவிடுவார்கள். அதன் பிறகு எல்லாம் வீட்டுக்காரரோடுதான். சில ஏஜென்ட்கள் வாடகை வசூல், ரிப்பேர், ஆய்வு எல்லாவற்றையும் தாங்களே பார்ப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போதே "குடிவந்த பிறகு வீட்டை நிர்வகிப்பது யார்?" என்று கேட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. ரைட்மூவ், ஜூப்லா போன்ற தளங்களில் தனிப்பட்ட வீட்டுக்காரர்கள் நேரடியாக விளம்பரம் போட முடியாது. ஓப்பன்ரென்ட் போன்ற இணைய ஏஜென்சி வழியாகப் போடுகிறார்கள். விளம்பரத்தில் ஏஜென்சி பெயர் இருந்தாலும் பேசப்போவது வீட்டுக்காரரிடம்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு நேரடி வழி கைகொடுக்கும் இடம் ஆள் தேர்வு. பல ஏஜென்ட்கள் வைத்திருக்கும் கணக்கு, மாத வாடகையைப்போல் 30 மடங்கு ஆண்டுச் சம்பளம் வேண்டும் என்பது. மாத வாடகை 1,400 பவுண்டு என்றால் சம்பளம் 42,000. அதோடு கடன் வரலாறு, பழைய வீட்டுக்காரரின் பரிந்துரை. விமானத்தைவிட்டு இறங்கி ஒரு மாதம்கூட ஆகாதவரிடம் இவை எப்படி இருக்கும்? முன்பெல்லாம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டி இதைச் சமாளித்தார்கள். வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் அந்த வழியும் அடைபட்டது. ஒப்பந்தத்துக்கு முன் வாடகை எதையும் வாங்கக் கூடாது, ஒப்பந்தம் ஆன பிறகும் குடிபோகும் முன் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அறிவித்த வாடகைக்கு மேல் ஏலம் கேட்பதும் அதே நாளிலிருந்து தடை.

இந்த நிலையில் எதிரே உட்கார்ந்து பேசக்கூடிய வீட்டுக்காரர் பெரிய வரம். வேலைக் கடிதத்தைக் காட்டலாம், குடும்பத்தைப் பற்றிச் சொல்லலாம், அவர் தன் மனத்துக்குப் பட்டபடி முடிவெடுக்கலாம். ஏஜென்ட் அலுவலகத்தில் இருப்பவருக்கு மனமிருந்தாலும் அந்த அதிகாரம் இருக்காது. வாடகையில் குறைத்துக் கேட்கவும் நேரடியாகப் பேசுவதுதான் சுலபம். நிர்வாகத்துக்காக ஏஜென்டுக்கு மாதாமாதம் போகும் பத்து சதவீதம் அல்லது அதற்கு மேல் வீட்டுக்காரருக்கு மிச்சமாகிறது, அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க அவருக்கு இடமுண்டு.

ரிப்பேர் விஷயத்தில் நிலைமை ஆளுக்கு ஆள் மாறும். ஜனவரி மாதம், வெள்ளி மாலை, பாய்லர் நின்றுவிட்டது என்று வையுங்கள். முழு நிர்வாகம் பார்க்கும் ஏஜென்டிடம் அவசர எண் இருக்கும், ஒப்பந்தத்தில் பிளம்பர் இருப்பார். ஆனால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும் என்று திங்கள்வரை இழுத்தடிக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் வீட்டுக்காரர் சனிக்கிழமை காலையே ஆளோடு வந்து நிற்பார், அல்லது போனையே எடுக்க மாட்டார். சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்: கட்டடம், தண்ணீர், கேஸ், மின்சாரம், வெப்பமூட்டும் அமைப்பு எல்லாம் 1985-ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. வாட்ஸ்அப்பில் பேசினாலும், ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள். பின்னால் அதுதான் ஆதாரம்.

புகார் என்று வந்தால் ஏஜென்ட் வழிக்கு ஒரு படி அதிகமான பாதுகாப்பு உண்டு, இதை மறைக்க முடியாது. ஒவ்வொரு லெட்டிங் ஏஜென்டும் அரசு அங்கீகரித்த குறைதீர்ப்பு அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். வாடிக்கையாளர் பணத்தைக் கையாண்டால் அதற்கான பாதுகாப்புத் திட்டத்திலும் சேர வேண்டும். தனி வீட்டுக்காரருக்கு அப்படியொரு குறைதீர்ப்பாளரைப் புதிய சட்டம் கொண்டுவருகிறது, ஆனால் அது மே மாதத்து மாற்றங்களோடு வரவில்லை, பிந்தைய கட்டத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

டெபாசிட்டில் அந்த வித்தியாசம் இல்லை. யார் வாங்கினாலும் 30 நாளுக்குள் மூன்று அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களில் ஒன்றில் பதிந்து, விவரத்தை உங்களுக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் டெபாசிட்டைப்போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம். நேரடி வீட்டுக்காரர்களில் சிலருக்கு இது தெரியாது, சிலர் மறந்துவிடுவார்கள். 31-ஆம் நாள் நீங்களே கேளுங்கள். ஏஜென்ட் என்றால் குடிபோகும் அன்று அறை அறையாகப் படத்தோடு பட்டியல் தயாராக இருக்கும். நேரடி என்றால் பெரும்பாலும் இருக்காது. அடுப்பின் உட்புறம், மெத்தையின் அடிப்பக்கம், குளியலறைச் சிலிக்கான் ஓரத்துக் கறுப்பு, மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

நேரடி வழியின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பேசுகிற ஆள் உண்மையிலேயே வீட்டுக்காரர்தானா என்பதில். குடியிருப்பவரே வீட்டுக்காரர்போல நடித்து நான்கு பேரிடம் டெபாசிட் வாங்கும் மோசடி புதிதல்ல. நிலம், வீடு யாருக்குச் சொந்தம் என்று பதிந்துவைக்கும் எச்எம் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்தில் 7 பவுண்டு கட்டினால் அந்த வீட்டின் உரிமைப் பதிவு கிடைக்கும். (அதேபோலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் அதிகம் கேட்கும், கவனம்.) பதிவில் உள்ள பெயர், அவர் காட்டும் அடையாள அட்டை, நீங்கள் பணம் அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பணம் அனுப்பும்போது "பெயர் பொருந்தவில்லை" என்று வங்கிச் செயலி எச்சரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். "நண்பரின் கணக்கு" என்ற விளக்கத்தை நான் ஏற்க மாட்டேன். அந்த ஆண்டுக்கான கேஸ் பாதுகாப்புச் சான்றையும், ஐந்தாண்டுக்குள் எடுத்த மின்சார ஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். நல்ல வீட்டுக்காரர் கேட்டதும் அனுப்பிவிடுவார். தயங்குகிறவரிடம் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் போக வேண்டாம்.

வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து உங்களுக்கு ஓர் அறை தருகிறார் என்றால் மேலே சொன்ன டெபாசிட் பாதுகாப்பு உட்படப் பல உரிமைகள் பொருந்தாது. சட்டப்படி நீங்கள் அங்கே லாட்ஜர்.

கடைசியாக, பலருக்கும் தெரியாத ஒன்று. வீட்டுக்காரர் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கனடாவுக்கோ போய்விட்டார், வீடு மட்டும் லண்டன் ஹாரோவில் இருக்கிறது என்ற நிலை நம் வட்டத்தில் சகஜம். நடுவில் ஏஜென்ட் இல்லாமல், வெளிநாட்டில் வசிக்கும் அவருக்கு வாரம் 100 பவுண்டுக்கு மேல் நீங்களே நேரடியாக வாடகை கட்டினால், அதிலிருந்து அடிப்படை விகித வரியைப் பிடித்து அரசின் வரித்துறையான எச்எம்ஆர்சிக்குக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. பிடிக்க வேண்டாம் என்று எச்எம்ஆர்சியே உங்களுக்கு எழுத்தில் அறிவித்தால்தான் விலக்கு. ஏஜென்ட் இருந்தால் இந்தத் தலைவலி அவருக்கு. வீட்டுக்காரர் உள்ளூரில் இருந்து, காகிதங்கள் சரியாக இருந்தால் நான் நேரடி வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவர் வெளிநாட்டில் என்றால், எச்எம்ஆர்சியின் கடிதம் கைக்கு வராதவரை ஏஜென்ட் வழியைத் தவிர வேறு எதற்கும் சம்மதிக்க மாட்டேன்.