ஆர்வி-7ஏ பிரேக் மாஸ்டர் சிலிண்டர்: ஆறு வருஷ அனுபவம்

டெக்சாஸ்ல ஒரு சின்ன ஏர்போர்ட் ஹேங்கர்ல வச்சு நானே கட்டின வேன்ஸ் ஆர்வி-7ஏ (கிட்டா வாங்கிக் கட்டுற சின்ன விமானம்), பறக்க ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு. எஞ்சின் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் பிரேக் பத்தி, அதுலயும் பெடலை மிதிச்சா எண்ணெயை அழுத்தி சக்கரத்து பிரேக்குக்கு அனுப்புற மாஸ்டர் சிலிண்டர் பத்தி எழுதுறேன். ஏன்னா இந்த பிளேன்ல மூக்குச் சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது, அது தானா சுத்தும், மெதுவா டாக்ஸி பண்றப்போ திருப்பணும்னா இடது இல்ல வலது பிரேக்கை மிதிச்சுதான் திருப்பணும். ஒரு பக்கம் பிரேக் போச்சுன்னா நேரா கூட போக முடியாது.

முதல் தடவை கார்ல பண்ற மாதிரியே ஒருத்தரை உள்ள உக்கார வச்சு பெடல் மிதிக்கச் சொல்லி ப்ளீட் பண்ணேன், அதாவது பிரேக் லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்தப் பாத்தேன், ரெண்டு நாள் போச்சு, வலது பெடல் பஞ்சு மாதிரியேதான் இருந்துச்சு. கார் காலிப்பர்ல (டிஸ்க்கைப் பேடால பிடிக்கிற பாகம்) ப்ளீட் நிப்பிள், அதாவது காத்தை வெளிய விடுற திருகு, மேல் பக்கம் இருக்கும், காத்து மேல ஏறி வெளிய வந்துடும். என்னோட கிளீவ்லேண்ட் பிரேக்ல நிப்பிள் அடியில, லைன் வந்து சேர்றது மேல. அப்போ எண்ணெயைக் கீழ இருந்து மேல தள்ளணும். ட்ரிகர் வச்ச ஆயில் கேன்ல தெளிவான ஹோஸ் மாட்டி, ஹோஸ்ல காத்து இல்லாம முதல்ல ரொப்பிக்கிட்டு, நிப்பிளைக் கால் சுத்து திறந்து மெதுவா பம்ப் பண்ணுங்க, மேல ரிசர்வாயர்ல (எண்ணெய்த் தொட்டி) குமிழி நிக்கிற வரைக்கும். வழியிறதை ஒரு சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துடலாம். எனக்குப் பயணி பக்கமும் பிரேக் இருக்கு, ஒரு பக்கத்துக்கு ரெண்டு சிலிண்டர் வரிசையா, அதனால நாலு பெடலும் முழுசா பின்னாடி வந்திருக்கணும், ஒண்ணு லேசா அழுந்தியிருந்தாலும் வழி அடைச்சுக்கும், எண்ணெய் மேல போகாது.

எண்ணெய், 5606ங்கிற சிவப்பு நிற விமான ஹைட்ராலிக் எண்ணெய்தான் முதல்ல ஊத்தினேன். கார் பிரேக் எண்ணெய் டாட் 3, டாட் 4 கையில இருக்குன்னு தயவுசெஞ்சு ஊத்திடாதீங்க, நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கிற வளையம்) எல்லாம் ஊதிப் போயிடும்.

மூணாவது வருஷம்தான் பெரிய பாடம். நீளமா டாக்ஸி பண்ணிட்டு இறங்கிப் பாத்தா இடது டிஸ்க் பக்கத்துல கையே வைக்க முடியல. ப்ளீட் சரியில்லன்னு நினைச்சு மறுபடி பண்ணேன், பிரயோஜனமில்ல. குறை மவுண்டிங்ல இருந்துச்சு. பெடல் கீல்ல போல்ட்டை நான் இறுக்கிட்டேன், அதனால மாஸ்டர் சிலிண்டர் ஷாஃப்ட் முழுசா வெளிய வரல. முழுசா வந்தாதான் உள்ள இருக்கிற வால்வு திறந்து எண்ணெய் ரிசர்வாயருக்குத் திரும்பும். இல்லன்னா பிரேக் சூட்டுல எண்ணெய் விரியும், போக வழியில்லாம பேடையே அழுத்தும், இன்னும் சூடாகும், தீப்பிடிக்கிற வரைக்கும் போகலாம். இப்போ கோட்டை நட் (பின் போக வெட்டு உள்ள நட்) போட்டு, பெடல் லேசா ஆடுற அளவுக்கு மட்டும் முடுக்கி, காட்டர் பின் வச்சிருக்கேன், ஷாஃப்ட் மேல ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் போட்டேன். ரெண்டு பக்கமும் வாஷர் வச்சு சிலிண்டரை நேரா நிறுத்தறதும் முக்கியம், சாய்ஞ்சு நின்னா ஷாஃப்ட் ஓ-ரிங்கை ஒரே பக்கமா தேய்ச்சுடும். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் 83282ங்கிற இன்னொரு ஹைட்ராலிக் எண்ணெய்க்கு மாறிட்டேன், 5606 சுமார் 82 டிகிரி செல்சியஸ்லயே தீப்பிடிக்கிற ஆவி விட ஆரம்பிக்கலாம், இது 205க்கு மேல, ரெண்டும் கலந்தாலும் பிரச்சனை இல்ல.

ஃபிட்டிங் பத்தி ஒண்ணு. சிலிண்டர்ல போற டேப்பர் த்ரெட்டுக்கு (நுனி சிறுத்த மரை) பேஸ்ட் சீலன்ட் போதும், அதுவும் முதல் ரெண்டு மரைய விட்டுட்டு. டெஃப்லான் டேப் வேண்டாம், துணுக்கு உள்ள போய் வால்வுல மாட்டிக்கும். எல்போ பாக்குற திசை சரியா வரலன்னு இன்னொரு சுத்து சுத்தாதீங்க, அலுமினிய பாடி விரிசல் விட்டுடும். ரிசர்வாயர் மூடியில இருக்கிற சின்ன காத்து ஓட்டை பெயின்ட்ல அடைஞ்சிருக்கான்னும் பாருங்க.

போன மாசம் வலது பைலட் சிலிண்டர் ஷாஃப்ட்டோரம் லேசா ஈரம் தெரிஞ்சுது, தரைவிரிப்புல சிவப்பா ஒரு சொட்டு. இந்த வருஷ பரிசோதனையான கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன்ல நாலையும் கழட்டி ஓ-ரிங் மாத்தப் போறேன்.