ஊசியா, மாத்திரையா? ஆண்டிபயாடிக் எந்த வழியில் போனால் என்ன வித்தியாசம்

"மாத்திரை வேண்டாம் டாக்டர், ஊசியே போட்டுடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. ஊசி என்றால் வீரியம், மாத்திரை என்றால் சும்மா பேருக்கு என்று ஓர் எண்ணம். ஆண்டிபயாடிக் விஷயத்தில் இது பாதிகூடச் சரியில்லை.

நரம்பில் ஏற்றினால், கொடுத்த மருந்து முழுவதும் ரத்தத்தில் சேரும். விழுங்கினால் குடல் அதை உறிஞ்ச வேண்டும், கல்லீரலைத் தாண்ட வேண்டும். வழியில் எவ்வளவு வீணாகும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். லினிசோலிட், லெவோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் மூன்றும் விழுங்கினாலும் ஏறக்குறைய முழுதாக ரத்தத்துக்குப் போய்விடும். அதனால்தான் லினிசோலிட்டின் அளவு இரண்டு வழியிலும் ஒன்றே: 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 600 மில்லிகிராம். சிப்ரோஃப்ளாக்சசினில் சுமார் 70 சதவீதம்தான் சேரும். ஆகவே டிரிப்ஸில் 400 மில்லிகிராம் போனவருக்கு மாத்திரையில் 500 எழுதுவார்கள். கணக்கு அங்கேயே சரியாகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிர் வான்கோமைசின். வாய்வழியாகக் கொடுத்தால் ரத்தத்தில் அநேகமாகச் சேரவே சேராது. ரத்தத்தில் கிருமி என்றால் நரம்பில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் குடலுக்குள்ளேயே க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி வயிற்றுப்போக்கு வந்தால், அதே வான்கோமைசினை 125 மில்லிகிராம் வீதம் தினம் நான்கு வேளை விழுங்கக் கொடுப்பார்கள். உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்குவதுதான் அங்கே தேவை. ஊசியாகப் போட்டால் அந்த நோய்க்குப் பலன் இல்லை.

சரி, கடுமையான தொற்றுக்கு மாத்திரை தாங்குமா? எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு ஆறு வாரம் டிரிப்ஸ் என்பது வெகுகால வழக்கம். பிரிட்டனில் 1054 பேரிடம் நடந்த ஓவிவா ஆய்வின் முடிவு 2019-ல் வெளிவந்தது. முதல் ஒரு வாரத்துக்குள் பாதிப் பேரை வாய்வழி மருந்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, சிகிச்சை தோற்றவர்கள் நரம்பு வழியில் 14.6 சதவீதம், வாய்வழியில் 13.2. எந்த மருந்து என்பதை நிபுணர்கள் பார்த்துத் தேர்ந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எந்த மாத்திரையானாலும் போதும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

ஊசி தெளிவாக ஜெயிக்கும் இடங்களும் உண்டு. தொற்று ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாக வேண்டும், குடல் உறிஞ்சும்வரை காத்திருக்க முடியாது. மூளைக்காய்ச்சலும் அப்படித்தான். விடாமல் வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

ஆனால் ஊசிக்கு அதற்கே உரிய தொல்லைகள் இருக்கின்றன. கேனுலா (நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்கும். அதன் வழியாகவே புதுக் கிருமி உள்ளே போகலாம். வான்கோமைசின் ஒரு கிராமை ஒரு மணி நேரமாவது எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும். செஃப்ட்ரியாக்சோனைக் கால்சியம் உள்ள திரவத்தோடு ஒரே குழாயில் கலந்தால் படிவு உண்டாகும்.

மாத்திரையில் சரியாக எடுத்துக்கொள்ளும் பொறுப்பெல்லாம் நோயாளி தலையில். சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு விழுங்கினால் கால்சியம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் இதைப் போட வேண்டும். டாக்சிசைக்ளினை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அப்புறம் அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். அமாக்சிசிலின் ரத்தத்தில் ஒரு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், மூன்று வேளையையும் பகலுக்குள் அடக்கிவிட்டு ராத்திரி முழுக்க இடைவெளி விடுவது சரியல்ல. குழந்தைகளின் சிரப் என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, கூடவே வரும் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சதையில் போடும் ஊசி எனக்குப் பெரும்பாலும் தேவையில்லாத வலியாகத்தான் படுகிறது. பென்சத்தீன் பென்சிலின் மட்டும் விதிவிலக்கு: ஆரம்பக்கட்ட சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு 24 லட்சம் யூனிட் ஒரே தடவை போட்டால், மருந்து வாரக்கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். எந்த மாத்திரையும் இதைச் செய்யாது.

ஆக, என் ஓட்டு பெரும்பாலும் மாத்திரைக்கே. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஆரம்பித்தாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கி, சாப்பாடு தங்கி, ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் "மாத்திரைக்கு மாறலாமா?" என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். மூளைக்காய்ச்சல் மாதிரி சிலவற்றில் மட்டும், காய்ச்சல் விட்ட பிறகும் ஊசியைத் தொடர்வார்கள்.