பொட்டு மடல் வலிப்பு: மடலை வெட்டுவதா, உள்ளே மட்டும் எடுப்பதா, லேசரால் சுடுவதா?

பொட்டு மடல் என்பது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, காதருகே இருக்கும் மூளைப் பகுதி. அங்கே தொடங்கும் வலிப்புக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால், மூன்றாவது மருந்தால் அது நிற்கும் வாய்ப்பு குறைவு. அறுவைச் சிகிச்சையைப் பற்றி அப்போதே கேட்க வேண்டும்.

1886இல் லண்டனில் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி வலிப்பு நோயாளியின் மண்டையைத் திறந்தபோது, வலிப்பு உடலில் எங்கே தொடங்குகிறது என்பதும் பழைய காயத் தழும்பும்தான் அவருக்கு வழிகாட்டின. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி வந்த பிறகு, மான்ட்ரியலில் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டும் ஈஈஜி வல்லுநர் ஜாஸ்பரும் பொட்டு மடல் அறுவையை வளர்த்தார்கள்.

அதன் இன்றைய வடிவத்தில், பேச்சு இருக்கும் பக்கமானால் மடல் முனையிலிருந்து ஏறத்தாழ 4.5 செ.மீ. வரையும், மறுபக்கமானால் 5.5 செ.மீ. வரையும் வெட்டுகிறார்கள். மடலின் உட்புறத்தில் நினைவுக்கான ஹிப்போகாம்பஸும் உணர்ச்சிக்கான அமிக்டலாவும் உடன் போகும். 2001இல் வெளியான கனடா ஆய்வில் 80 பேர். ஓராண்டில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் அறுவைக் குழுவில் 58%, மருந்துக் குழுவில் 8%. இழப்பும் உண்டு: பார்வை நரம்பிழை அறுபட்டால் எதிர்ப்பக்க மேல்பார்வை மங்கும்.

வெளிப்புறத்தை விட்டு உள்ளே உள்ள இவ்விரண்டை மட்டும் எடுக்கும் முறையை 1958இல் பிரேசிலின் நீமெயர் வெளியிட்டார். சூரிக்கில் யாசர்கில் பொட்டு மடலுக்கு மேலே உள்ள இயற்கையான பள்ளமான சில்வியன் பிளவு வழியாகப் போனார். வெட்டு சிறியதுதான், ஆனால் பார்வை இழை இதிலும் தப்புவது உறுதியில்லை. அருகிலுள்ள சிறு தமனி அடிபட்டால் கை கால் செயலிழக்கும்.

லேசருக்குப் பின்மண்டையில் சுமார் 3 மி.மீ. துளை போதும். அதன் வழியே லேசர் இழையைச் செலுத்தி, எம்ஆர்ஐயில் வெப்பத்தைப் பார்த்தபடியே ஹிப்போகாம்பஸையும் அமிக்டலாவையும் சுடுவார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். லேசர் இழை சற்று விலகினால் சுடாத பகுதி மிஞ்சி வலிப்பு திரும்பும். வலிப்பு நிற்கும் விகிதமும் திறந்த அறுவையைவிடக் குறைவு. ஆனால் பொருள்களின் பெயர் சொல்லும் திறன் நன்றாகக் காக்கப்படுகிறது, பிறகு திறந்த அறுவைக்கும் வழி இருக்கிறது.

எங்கள் கணிப்பு: வலப்பக்கம் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்தால் திறந்த அறுவையே மேல். பேச்சும் சொல் ஞாபகமும் பெரும்பாலும் இருக்கும் இடப்பக்கம்தான் சிக்கல். எம்ஆர்ஐ இயல்பாகவும் ஞாபகம் கூர்மையாகவும் உள்ளவர்தான் அதிகம் இழப்பார். ஏற்கெனவே சுருங்கிய ஹிப்போகாம்பஸில் இழக்க மிஞ்சியிருப்பது கொஞ்சம். இயல்பானவருக்கு முதலில் லேசரைப் பேசுவது நல்லது. மறுபக்க ஹிப்போகாம்பஸ் நலமாக இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்யாமல் கத்தி வைக்கக்கூடாது: 1953இல் இருபக்கமும் எடுக்கப்பட்ட ஒருவர் அதன்பின் புது நினைவு எதையும் நிலைநிறுத்த முடியாமலே வாழ்ந்தார்.

வீட்டில் தமிழும் வேலையிடத்தில் ஆங்கிலமும் பேசும் சிங்கப்பூர்க்காரர், அறுவைக்கு முன் செய்யும் ஞாபகச் சோதனையையும் பெயர் சொல்லும் சோதனையையும் இரு மொழியிலும் கேட்டு வாங்க வேண்டும். மூளையைத் தூண்டிப் பார்த்த ஆய்வுகளில், ஓரிடத்தில் ஒரு மொழி மட்டும் தடைபட்டு மற்றது ஓடியதுண்டு. ‘அம்மி’ என்று சட்டெனச் சொல்லும் பாட்டி படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பெயர் சொல்லும் சோதனையில் திணறினால், அந்த மதிப்பெண்ணை மூளைக் குறையென்று எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.